தீசிஸ் என்னுடையது, பேப்பரில் என் பெயர் நாலாவது. லீவில் போனதாலா, பெண் என்பதாலா?

முனிர்கா_டாக்டர்:
தில்லியில் எம்.டி. முடித்துவிட்டு இப்போது வேறு இடத்தில் சீனியர் ரெசிடென்டாக இருக்கிறேன், படித்த கல்லூரி எது என்பது வேண்டாமே. நோயாளிகளிடம் சம்மதம் வாங்கியது, சாம்பிள் எடுத்தது, எக்செல்லில் ஏற்றியது, முதல் டிராஃப்ட் எழுதியது எல்லாம் நான்தான். பிரசவ லீவில் இருந்தபோது ஜூனியர் பையன் ஒருவர் டேபிள்களைச் சரிசெய்து கொடுத்தாராம். சப்மிட் பண்ணப்போகிற டிராஃப்டில் அவர் பெயர் முதலில், நான் நாலாவது! கைடிடம் கேட்டால், லீவில்தானே இருந்தாய், குழந்தையைப் பார், அடுத்த பேப்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று இந்தியில் அன்பாகச் சொல்கிறார். எல்லா இடத்திலும் இப்படித்தானா?

ஸ்டாட்ஸ்_சங்கர்:
டாக்டர்களுக்கு டேட்டா பார்த்துக் கொடுக்கிறவன் நான். ஆண் ரெசிடென்டுகளின் பெயரும் பின்னால் போவதைப் பார்த்திருக்கிறேன், ஒரு நோயாளியைக்கூடப் பார்க்காத ஹெச்.ஓ.டி. (துறைத் தலைவர்) பெயர் வந்து ஒட்டிக்கொள்வதையும்தான். பெண் என்பதால்தான் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

ஆர்கேபுரம்_அக்கா:
சங்கர் தம்பி, ஒரு பேப்பரை மட்டும் வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. மொத்தமாகப் பாருங்கள். அமெரிக்காவின் முக்கிய மருத்துவ இதழ்களில் பேப்பரின் முதல் பெயராக வந்தவர்களில் பெண்கள் 1970இல் 5.9 சதவீதம், 2004இல் 29.3. கடைசிப் பெயர், அதாவது சீனியர் இடம், 3.7இலிருந்து 19.3 வரைதான் வந்தது. பிறகு பிஎம்ஜே, லான்செட் மாதிரி ஆறு பெரிய இதழ்களை எடுத்துப் பார்த்ததில் முதல் பெயராக வந்த பெண்கள் 1994இல் 27 சதவீதம், 2014இல் 37; அதுவும் 2009 வாக்கில் ஏறுவது நின்றுவிட்டது. கோவிட் வந்ததும் அந்த நோய் பற்றிய பேப்பர்களில் முதல் பெயராக வந்த பெண்களின் விகிதம், அதே இதழ்களின் 2019 கணக்கைவிட 19 சதவீதம் குறைவு. பள்ளிக்கூடம் மூடியிருந்த அந்த மாதங்களில் வீட்டில் யார் சமைத்தார்கள் என்று யோசித்தாலே பாதி பதில் கிடைக்கும்.

டாக்டரம்மா, நாலாவது பெயரைப் புரமோஷனுக்கு நம்பாதீர்கள். மருத்துவக் கல்லூரி ஆசிரியர் பதவிகளுக்கு 2020இல் வந்த விதிப்படி முதல் மூன்று பெயர், இல்லையென்றால் கரஸ்பாண்டிங் ஆத்தர் (இதழோடு கடிதத் தொடர்பு வைத்திருப்பவர்), அவ்வளவுதான் கணக்காக இருந்தது. அடுத்த பேப்பர் என்கிற பேச்சுக்கு மயங்காதீர்கள்.

ஸ்டாட்ஸ்_சங்கர்:
அக்கா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கணக்கெல்லாம் பெரும்பாலும் பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று ஊகிப்பதுதான். நம் ஆட்கள் 'கே. மணி' என்று போட்டால் எந்த சாஃப்ட்வேர் கண்டுபிடிக்கும்?

திருத்துபவன்:
ஒரு இதழில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். ஐசிஎம்ஜேஇ (மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு) விதியில், பேப்பரில் ஒருவர் பெயர் வர நாலு நிபந்தனை உண்டு: வேலையில் உருப்படியான பங்கு, எழுதியதிலோ திருத்தியதிலோ பங்கு, கடைசி வடிவத்துக்குச் சம்மதம், பிறகு கேள்வி வந்தால் பதில் சொல்லும் பொறுப்பு. உங்களுக்குக் கைகொடுப்பது மூன்றாவது. இன்னும் சப்மிட் ஆகவில்லை, உங்கள் சம்மதம் இல்லாமல் அனுப்பக் கூடாது. போனில் பேசாதீர்கள், ஈமெயிலில் யார் என்ன செய்தார்கள் என்று பட்டியல் போட்டு, வரிசை மாறும்வரை சம்மதம் இல்லை என்று மரியாதையாகவே எழுதுங்கள். பிரசுரமான பிறகு எங்களிடம் வந்தால் நாங்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டோம், உங்கள் கல்லூரியிடமே திருப்பி அனுப்புவோம்.

முனிர்கா_டாக்டர்:
நன்றி சார், அக்கா. என்னையும் அந்த ஜூனியரையும் இணை முதல் ஆசிரியர், அதாவது முதல் இடத்தைப் பகிர்ந்துகொள்பவர்கள், என்று போடச் சொல்லலாமா? அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆர்கேபுரம்_அக்கா:
அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், முதல் ஈமெயிலிலேயே இறங்கிப் போகாதீர்கள். அப்படியே போட்டாலும் உங்கள் பெயர்தான் முன்னால் வர வேண்டும்.