ஜெல்லில் சின்ன பேண்டுகளை (டி.என்.ஏ கோடுகளை) காணோம், என்சைம் செத்துப்போச்சா?

பாளைக்காரி:
கன்னி இன ஆட்டு ரத்தத்துல டி.என்.ஏ எடுத்து, பி.சி.ஆர் பண்ணி (வேண்டிய துண்டை மட்டும் நகலெடுத்துப் பெருக்கி), டி.என்.ஏவை வெட்டுற என்சைம் போட்டு வெட்டியிருக்கேன். 420 பேஸ் பேர் (டி.என்.ஏ நீள அலகு) துண்டு வெட்டுப்பட்டா 240, 180னு ரெண்டா வரணும். துண்டுகளை நீளவாரியாப் பிரிக்க மின்சாரத்துல ஓட்டின ஜெல்: 1 சதவீத அகரோஸ், டி.ஏ.இ பஃபர் கரைசல், 150 வோல்ட். நீலச் சாயம் அடி விளிம்பைத் தொடுற வரை ஓட்டினேன். 420 மட்டும் தெரியுது, அதுவும் சிரிச்ச வாய் மாதிரி வளைஞ்சு. மூணு தடவை இதே கதை. புது என்சைம் கேட்டா கைடு ஏசுவாங்க.

தச்சநல்லூரான்:
என்சைமை விடுங்க. லேடர்ல (நீளம் தெரிஞ்ச துண்டுகள் உள்ள அளவுகோல்) 100, 200 தெரியுதா?

பாளைக்காரி:
இல்ல அண்ணாச்சி. 300 விளிம்புல மங்கலா நிக்கு. அதுக்குக் கீழ ஒண்ணுமில்ல.

தச்சநல்லூரான்:
லேடரை நீங்க வெட்டலையே! அதுலயே காணோம்னா கோளாறு ஜெல்லுலதான். 1 சதவீதத்துல அந்த நீலச் சாயம், புரோமோபீனால் புளூ, ஏறக்குறைய 300 பேஸ் பேர் துண்டோட சேர்ந்து ஓடும்; அதைவிடச் சின்னது முந்திரும். நீலம் விளிம்புக்கு வந்தப்போ உங்க 240, 180 ரெண்டும் தாமிரபரணிக்குக் குளிக்கப் போயாச்சு. 2 சதவீத ஜெல் ஊத்துங்க, 60 மில்லிக்கு 1.2 கிராம் அகரோஸ். முக்கால் தூரத்துல நிறுத்துங்க. வோல்ட்டுக்கு ஜெல் நீளத்தைப் பாக்காதீங்க. ரெண்டு மின்முனைக்கும் நடுவுல அளந்து, சென்டிமீட்டருக்கு 5 வோல்ட்.

முக்கூடல் அக்கா:
2 சதவீதத்துல நீலம் 150 பக்கம் வந்து 180ஐ மறைக்கும், சாயத்தைக் குறைச்சுப் போடும்மா. டி.என்.ஏவைத் தெரிய வைக்கிற சாயம், எத்திடியம் புரோமைடை, ஜெல்லுக்குள்ள கலக்கியா? டி.என்.ஏ சிவப்பு முனைக்கு ஓடும், எத்திடியம் எதிர்த்திசையில கருப்பு முனைக்கு ஓடும். அடியில நிறம் வத்திப்போய் சின்னத் துண்டு மங்கும். ஓட்டி முடிச்சு, மில்லிக்கு 0.5 மைக்ரோகிராம் கரைசல்ல அரை மணி ஊறவை, கையுறையோட. அந்தச் சிரிப்பு வெக்கையால வர்றது. நடு லேன் (டி.என்.ஏ ஓடுற தடம்) சூடாகி முந்துது. அக்னி நட்சத்திரத்துல, ஏசி இல்லாத லேப்ல 150 வோல்ட் வச்சா வேற என்ன செய்யும்?

பாளைக்காரி:
அளந்தேன், 15 சென்டிமீட்டர். 75 வோல்ட்ல ஓட்டினேன். ஆறாவது ஆட்டுல 420, 240, 180 மூணும் நேர்கோடா வந்துட்டு! ஹெட்டிரோசைகஸ்னு (மரபணுவோட ரெண்டு பிரதியில ஒண்ணு மட்டும் வெட்டுப்படும்னு) எழுதிரலாமா?

தச்சநல்லூரான்:
பொறுங்க தாயி. என்சைம் அரைகுறையா வெட்டியிருந்தாலும் இதே மூணுதான் வரும். அதே சாம்பிளைக் கூடுதல் நேரம் வச்சு வெட்டி, பக்கத்து லேன்ல முழுசா வெட்டுப்படும்னு தெரிஞ்ச ஆடு ஒண்ணையும் ஓட்டுங்க. அதுல 420 போயி, இதுல அப்பவும் நின்னா எழுதுங்க.