எந்த ஔவை? எந்தப் பக்கம்?

அசைன்மெண்ட், ஆய்வேடு என்று எழுதிய அனுபவங்களை எல்லோரும் சொல்லி வருகிறீர்கள். நானும் சொல்கிறேன். தமிழ் இலக்கியம் படித்தவள். இப்போது ஒரு கலைக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன்.

எம்.ஏ. முதலாண்டு, 2009. இன்டர்னல் மார்க்குக்காக ஆளுக்கொரு தலைப்பு கொடுத்தார்கள். எனக்கு வந்தது ‘சங்க இலக்கியத்தில் கல்வி’. நூலகத்தில் கிடைத்த இரண்டு கருத்தரங்கக் கட்டுரைக் கோவைகளையும் ஒரு போட்டித் தேர்வுக் கையேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டே இரவில் பதினாறு பக்கம் எழுதிவிட்டேன். ஏ4 தாளில் பென்சிலால் மார்ஜின், மேற்கோளுக்கு மட்டும் பச்சை ஜெல் பேனா, முகப்பில் ஓலைச்சுவடி படம். நல்ல மார்க் வரும் என்று நம்பிக் காத்திருந்தேன்.

கட்டுரை திரும்பி வந்தபோது மூன்றாம் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வட்டம். ‘“கற்கை நன்றே கற்கை நன்றே பிச்சை புகினும் கற்கை நன்றே” என்கிறார் சங்கப் புலவர் ஔவையார்’ என்று எழுதியிருந்தேன். அதன் ஓரத்தில், ‘எந்த ஔவை? எந்தப் பாட்டு?’ என்று கேட்டிருந்தார் ஐயா. மார்க் போடவில்லை.

மதியம் துறைக்குப் போய் நின்றேன்.

“எங்கம்மா பார்த்தே இதை?”

“ஒரு கட்டுரைக் கோவையில இருந்துச்சுங்கய்யா.”

“அவங்க எங்க பார்த்தாங்களாம்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அப்படி ஒரு கேள்வி கேட்கலாம் என்பதே அதுவரை எனக்குத் தோன்றியதில்லை. ஐயா திட்டவில்லை. பீரோவிலிருந்து நீதிநூல் திரட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்து, “வெற்றிவேற்கையோட முதல் பக்கத்தை மட்டும் படிச்சுட்டு வா” என்றார்.

வராண்டாவிலேயே நின்று படித்தேன். ‘வெற்றி வேற்கை வீரராமன்’ என்றுதான் நூலே தொடங்குகிறது. ‘கற்கை நன்றே’ இருப்பது இந்த நூலில்தான். பாடியவர் பெயர் முதல் அடியிலேயே இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் தென்காசியில் இருந்த அதிவீரராம பாண்டியர். சங்க காலத்துக்கும் அவருக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல். ஆசிரியர் தினத்துக்கு ஔவை பெயரில் மேடை தோறும் சொல்கிறார்களே, ‘எழுத்தறிவித்தவன் இறைவன் ஆகும்’, அதுவும் இந்த நூலில்தான் இருக்கிறது.

இந்தத் தப்பு எங்கே நுழைந்தது என்று அன்று மாலை மூன்று புத்தகங்களையும் பிரித்து வைத்துத் தேடினேன். பழைய கோவையில் ஒருவர் புறநானூறு 183ஆம் பாடலின் ‘பிற்றைநிலை முனியாது கற்றல் நன்றே’ என்ற அடியைப் பேசிவிட்டு, அடுத்த வரியிலேயே ‘கற்கை நன்றே’யையும் எடுத்துக்காட்டியிருந்தார். நூற்பெயர் இல்லை, ஆள் பெயரும் இல்லை. இரண்டாவது கோவையில் இருந்தவர் அதற்கு ஔவையார் என்று பெயர் சேர்த்துவிட்டார். கையேடு ‘சங்கப் புலவர்’ என்பதைச் சேர்த்தது. சங்க ஔவை வேறு, ஆத்திசூடி பாடிய ஔவை வேறு என்பதைக்கூட யாரும் நின்று யோசிக்கவில்லை. நானும் யோசிக்காமல் பச்சை மையில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

திருத்தி எழுதிய கட்டுரை ஒன்பது பக்கம்தான் வந்தது. ஒவ்வொரு மேற்கோளுக்கும் பாடல் எண், பதிப்பு, பக்கம் போட்டேன். ஐயா மார்க் போட்டுக் கையெழுத்திட்டார், வேறொன்றும் சொல்லவில்லை.

அப்புறம் எம்.பில். திண்ணைப் பள்ளியில் நடத்திய நீதிநூல்கள் பற்றி எடுத்துக்கொண்டேன். அந்தச் சிவப்பு வட்டம் இல்லாவிட்டால் அந்தத் தலைப்பு எனக்குத் தோன்றியிருக்காது. பழைய அச்சுப் பதிப்புகளைப் பார்க்கத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போனேன். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்கள் அவை. 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. வாங்கியதைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகாமல் 1994இல் சென்னையிலேயே நூலகமாக ஆக்கினார்கள். ஆய்வு செய்கிறவர்கள் ஒருமுறையாவது அங்கே போய் உட்கார வேண்டும். வெற்றிவேற்கையைத் தேடும்போது ‘நறுந்தொகை’ என்ற பெயரிலும் தேடுங்கள். ஒரே நூலுக்கு இரண்டு பெயர்.

அந்த ஆய்வேட்டில் நான் பட்ட பாடு அடிக்குறிப்பில். தமிழ் ஆய்வேடுகளில் ‘மேலது’ என்று போடுகிற வழக்கம் எல்லோருக்கும் தெரியும். முந்தின குறிப்பில் சொன்ன அதே நூல் என்று அர்த்தம். மூன்றாம் இயலில் பதினொரு ‘மேலது’ வரிசையாக வைத்திருந்தேன். நெறியாளர் அம்மா படித்துப் பார்த்துவிட்டு இரண்டு பகுதிகளை இடம் மாற்றச் சொன்னார். டிடிபி சென்டரில் உட்கார்ந்து மாற்றினோம். ஸ்பைரல் பைண்டிங் போட்ட பிறகு பேருந்தில் புரட்டும்போதுதான் கண்ணில் பட்டது: ‘மேலது, ப. 43’ இப்போது வேறொரு நூலுக்குக் கீழே நிற்கிறது. அந்த நூலுக்கு மொத்தமே 40 பக்கம்தான். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி டிடிபி சென்டருக்குத் திரும்பினேன். எழுதி முடிக்கும் வரை ‘மேலது’ வேண்டாம், முழுப்பெயரும் இருக்கட்டும், கடைசி நாளில் மாற்றிக்கொள்ளலாம் என்று என் மாணவர்களிடம் இன்றைக்கும் சொல்கிறேன்.

ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த பழைய எழுத்துரு பாமினி. அதில் அடித்த அந்த ஆய்வேட்டைப் பல வருடம் கழித்து யூனிகோடில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நின்றது. 2010இலேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது, டிடிபி கடைகளுக்கு அது வந்து சேர நாளானது. பாமினியில் இருக்கும் ஆய்வேடுகளுக்குள் தமிழ்ச் சொல்லைப் போட்டுத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. எவ்வளவு பேருடைய உழைப்பு இப்படிக் கண்ணில் படாமல் கிடக்கிறது என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

பிஎச்.டி. சமர்ப்பித்தபோது வந்தது இன்னொரு சோதனை. பல்கலைக்கழக மானியக் குழு (யூ.ஜி.சி.) 2018இல் கொண்டுவந்த விதிப்படி ஒப்புமை, அதாவது பிறர் எழுத்தோடு அப்படியே ஒத்திருக்கும் பகுதி, 10 சதவீதத்துக்குள் இருந்தால் சிக்கல் இல்லை. அதைத் தாண்டி 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60க்கு மேல் போனால் பதிவே ரத்து. எனக்கு 23 வந்தது. ஒப்புமை பார்க்கும் மென்பொருள் தந்த அறிக்கையைத் திறந்து பார்த்தால் நிறம் அடித்திருந்த இடமெல்லாம் மூலப்பாடல்கள். ‘பாட்டைக் குறைத்துவிடுங்கள், உரைநடையில் மாற்றிவிடுங்கள்’ என்று எனக்கு யோசனை சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பாடலைக் காட்டாமல் பாடலைப் பற்றி என்னத்தை எழுதுவது? உரிய முறையில் சுட்டிய மேற்கோளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அதே விதியில் இருக்கிறது. விசாரித்ததில் விஷயம் பிடிபட்டது. நாம் பாடலை உள்தள்ளித் தனியாக அடிப்போம், மேற்கோள் குறி போட மாட்டோம். குறி இல்லாததால் மென்பொருளுக்கு அது மேற்கோள் என்று தெரியவில்லை. எல்லாப் பாடலுக்கும் இரட்டை மேற்கோள் குறி போட்டு, மேற்கோளை விலக்கும் அமைப்பை இயக்கச் சொல்லி மறுபடி பார்த்ததில் 7 சதவீதம். ஒரு பாடலைக்கூட நான் நீக்கவில்லை.

இப்போது சிவப்புப் பேனா என் கையில். போன பருவத்தில் ஒரு மாணவி கொண்டுவந்த கட்டுரையும் கல்வி பற்றியதுதான். செல்போனில் ஏ.ஐ.யிடம் கேட்டு வாங்கிய வாசகம் என்று படித்தவுடனே தெரிந்தது. அழகான நாலு அடிகள், கீழே ‘புறநானூறு, பாடல் 412’. புறநானூற்றில் இருப்பதே 400 பாடல்.

வகுப்பில் ஒன்றும் சொல்லவில்லை. நூலகத்துக்குக் கூட்டிப்போய்ப் புறநானூற்றைக் கையில் கொடுத்து, “412 எடும்மா” என்றேன். கடைசிப் பாடல் வரை தள்ளினாள். மறுபடி பின்னாலிருந்து முன்னால் வந்தாள். முகம் வாடிவிட்டது.

“இல்லைங்கம்மா.”

“சரி, 183 எடு. அதைப் படிச்சுட்டு, உனக்கு என்ன தோணுதோ அதை எழுதிட்டு வா. ரெண்டு பக்கம் போதும்.”

183ஐ எல்லோரும் முதல் இரண்டு அடியோடு நிறுத்திவிடுவார்கள். நானும் 2009இல் திருத்தி எழுதியபோது அவ்வளவுதான் எடுத்தேன். அவள் அடுத்த அடிகளைப் பிடித்துக்கொண்டாள். ஒரே வயிற்றில் பிறந்தாலும், கற்ற பிள்ளையின் சிறப்பைப் பார்த்து ‘தாயும் மனம் திரியும்’ என்கிறது பாட்டு. பெற்றவள் மனமே மாறும் என்கிறான் இதைப் பாடிய பாண்டியன் நெடுஞ்செழியன்.

நான்கு நாள் கழித்து இரண்டரைப் பக்கம் கொண்டுவந்தாள். அவளுடைய அண்ணன் பத்தாம் வகுப்போடு நின்று ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்து இவளைப் படிக்க வைக்கிறான். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் அம்மா இவளுக்கு முதலில் தட்டு வைப்பதை அவள் இதுவரை கவனித்ததே இல்லையாம். ‘இந்த அடி கற்பதைப் புகழ்கிறது. ஆனால் கற்க முடியாமல் போன பிள்ளை இந்தப் பாட்டில் எங்கே இருக்கிறான்?’ என்று ஒரு கேள்வியோடு கட்டுரையை நிறுத்தியிருந்தாள். அடியில் பாடல் எண், பதிப்பு, பக்கம் எல்லாம் சரியாக இருந்தன.

எத்தனையோ உரைகளைப் படித்திருக்கிறேன், இந்தக் கேள்வியை எங்கும் பார்த்ததில்லை. அவளிடம் கேட்டு ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் பீரோவில் வைத்திருக்கிறேன்.