முதல் நாவல் எழுதியவர்களைக் கண்டறிய விருதுப் பட்டியல் போதுமா?

மூன்றாம் சாட்சி:
குற்றப் புனைவில் புதியவர்களைத் தேடுவோர் விருதுகளின் குறும்பட்டியலைப் பின்தொடர்வதே சரியான வழி என்பது என் கருத்து. அமெரிக்க மர்ம எழுத்தாளர் சங்கம் முதல் நாவலுக்கென்றே 1946 முதல் எட்கர் விருது ஒன்றை வழங்கிவருகிறது. பிரிட்டனின் குற்றப் புனைவு எழுத்தாளர் சங்கமும் ஜான் கிரீசியின் பெயரில் 1973இல் அப்படியொரு விருதைத் தொடங்கியது. எதை எடுப்பது என்று திகைக்கும் வாசகருக்கு, பலவற்றைப் படித்துச் சிலவற்றைப் பொறுக்கித் தரும் நடுவர்களைவிட நல்ல துணை கிடையாது. பின்னட்டைப் பாராட்டுகளை நான் நம்புவதே இல்லை.

நள்ளிரவு வாசகி:
பின்னட்டை விஷயத்தில் உடன்படுகிறேன், மற்றதில் இல்லை. குறும்பட்டியல் வெளியாவதற்குள் நாவல் வந்து பல மாதங்கள் ஓடிவிடுகின்றன; புதியவருக்கு அடுத்த வாய்ப்புக் கிடைக்குமா என்பதை அந்த மாதங்களின் விற்பனைதான் பெரும்பாலும் முடிவுசெய்கிறது. 2013 ஏப்ரலில் ராபர்ட் கால்பிரெய்த் என்ற பெயரில் ஒரு துப்பறியும் நாவல் வந்தது. விமர்சகர்கள் நன்றாகவே வரவேற்றார்கள். ஆனாலும், எழுதியவர் ஜே.கே. ரௌலிங் என்பது ஜூலையில் வெளிப்படும்வரை பிரிட்டனில் விற்ற கெட்டி அட்டைப் பிரதிகள் சுமார் 1,500தான். பெயர் தெரிந்ததும் அதே நாவல் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது. வெளிப்படுத்த அப்படியொரு பெயர் இல்லாதவர்கள் எத்தனை பேர் முதல் நாவலோடு நின்றுபோனார்களோ என்று நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

மூன்றாம் சாட்சி:
வருத்தம் நியாயமானது, ஆனால் தேர்ந்தெடுக்கும் வழியை நீங்கள் சொல்லவில்லை. முதல் அத்தியாயத்தைப் புரட்டிப் பார்ப்பதில் பயனில்லை. புதியவர்கள் மீண்டும் மீண்டும் செதுக்குவது அதைத்தான். தடுமாறுவது கடைசி ஐம்பது பக்கங்களில்.

நள்ளிரவு வாசகி:
அதனால்தான் நான் முதல் அத்தியாயத்தைத் தாண்டி, கொலை நடந்த இடத்தை முதன்முதலாகப் பார்வையிடும் காட்சியைப் படிக்கிறேன். எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத ஒரு முதல் நாவலில், மழை கொட்டிய இரவில், அதிகாரி கதவைத் திறப்பதற்காக வாசலில் கிடந்த குடையை நகர்த்தி வைக்கிறார். கையில் ஈரம் ஒட்டவில்லை என்பதற்கு மேல் ஆசிரியர் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. இருநூறு பக்கங்களுக்குப் பிறகு அந்தக் காய்ந்த குடைதான் சாட்சியின் பொய்யை உடைக்கிறது. தடயத்தை வாசகர் கண்முன்னே வைத்துவிட்டு வாயைத் திறக்காமல் நகரத் தெரிந்தவரை நான் முடிவுவரை நம்புவேன்.

பழைய இதழ்:
நீங்கள் இருவரும் சிறுகதைகளை விட்டுவிட்டீர்கள். அமெரிக்கத் துப்பறியும் எழுத்தாளர் ரேமண்ட் சாண்ட்லரின் முதல் நாவல் 1939இல்தான் வந்தது, ஆனால் அவருடைய சிறுகதைகளை வெளியிட்ட 'பிளாக் மாஸ்க்' இதழை வாசித்தவர்களுக்கு அவர் 1933லேயே அறிமுகமாகிவிட்டார். விருதுகள் எல்லாமே தாமதமானவை என்பதும் சரியல்ல. ஜப்பானின் எடோகாவா ரன்போ பரிசு அச்சேறாத கையெழுத்துப் பிரதிக்கே தரப்படுகிறது. 1985இல் அதைப் பெற்றுத்தான் கெய்கோ ஹிகாஷினோ எழுத்துலகிற்குள் வந்தார்.

நள்ளிரவு வாசகி:
அத்தகைய பரிசை மனமார ஏற்கிறேன், ஏனெனில் அது கதவைத் திறந்துவிடுகிறது. ஏற்கெனவே உள்ளே வந்தவரை வாசகர் கைவிடாமல் இருப்பது வேறு வேலை. அதை எந்த நடுவர் குழுவிடமும் ஒப்படைக்க எனக்கு மனமில்லை.

மூன்றாம் சாட்சி:
குறும்பட்டியலை நான் விடப்போவதில்லை. இருப்பினும் அந்தக் குடை நாவலின் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். படித்துவிட்டு அதன் கடைசி ஐம்பது பக்கங்களைப் பற்றி இங்கேயே எழுதுகிறேன்.