ஓ.ஆர்.எஸ். (வயிற்றுப்போக்குக்குக் குடிக்கும் உப்பு-சர்க்கரை) கரைசலில் ஒரு கணக்கு இடிக்கிறது, தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். இப்போது செல் சவ்வுப் பாடம். பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பின் இரட்டை அடுக்கு, அதில் பதிந்த புரதங்கள், 1972-ல் சிங்கரும் நிக்கல்சனும் சொன்ன சவ்வு அமைப்பு மாதிரி (மாடல்), இதிலெல்லாம் சிக்கல் இல்லை. ஆக்சிஜன் தானாக நுழைந்துவிடும், குளுக்கோஸுக்குப் புரதத்தின் உதவி வேண்டும் என்பதும் புரிந்துவிட்டது.

இரண்டு பொருள்கள் சேர்ந்து கடக்கும் இடம்தான் பாடாய்ப் படுத்துகிறது. அதை விளக்க ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டையே எடுத்துக்கொண்டேன். சிறுகுடல் செல்லின் ரத்தத்தை ஒட்டிய பக்கத்தில் ஒரு பம்ப், ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. உள்ளே சோடியம் குறைந்துபோவதால் குடல் பக்கமிருந்து சோடியம் நுழையப் பார்க்கும். எஸ்.ஜி.எல்.டி.1 என்ற புரதம் அதற்கு வழி விட்டு, கூடவே குளுக்கோஸையும் இழுத்துவிடுகிறது. பின்னாலேயே தண்ணீர். காலரா வந்தாலும் இந்த வழி கெடுவதில்லை என்பதுதான் விசேஷம்.

இதைக் கேட்டதும் ஒரு மாணவி மடக்கினாள். அந்தப் புரதம் 1 குளுக்கோஸுக்கு 2 சோடியம் எடுக்கிறது. சரி, உலக சுகாதார நிறுவனத்தின் 2002 கலவையில் ஏன் லிட்டருக்கு சோடியம், குளுக்கோஸ் இரண்டுமே 75 மில்லிமோல், அதாவது எண்ணிக்கையில் சமம்? மீதி சோடியம் எங்கிருந்து வருகிறது? குடல் சுரப்பிலிருந்தே கிடைக்கும் என்பது என் ஊகம். மருத்துவம், உடலியங்கியல் படித்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்களேன். அப்புறம், இதைக் காட்டும் தமிழ் விளக்கப்படம் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். பாடப்புத்தகப் படத்தில் அம்புக்குறிகளே சரியாகத் தெரியவில்லை.