பாட்டிமார் பாட்டை எம்பி3யில் வைக்கலாமா?

ரப்பர்கொட்டை:
மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் ரப்பர்ப் பால்மரம் வெட்டிய பாட்டிமார் பாடும் தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் பதிவு செய்து வருகிறோம். திருவிழாவில் பதிந்த உருமி மேளமும் இருக்கிறது. ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்தச் செயலியில் வெட்டித் திருத்தியாகிவிட்டது. எக்ஸ்போர்ட் அழுத்தினால் வேவ், எம்பி3, ஃப்ளாக் இவற்றில் எந்தக் கோப்பு வடிவம் என்று கேட்கிறது. எதில் எடுப்பது?

மண்டோர்:
எம்பி3, 128 கேபிபிஎஸ், அதாவது நொடிக்கு 128 கிலோபிட். ஒரு மணி நேரம் 58 எம்பிக்குள் அடங்கிவிடும். வேவ் என்றால் சிடி தரத்திலேயே 635 எம்பி. கேட்கப்போவது பேரப்பிள்ளைகள், அதுவும் வாட்ஸ்ஆப்பில்.

உருமிக்காரன்:
அண்ணே, உருமியை 128இல் கேட்டுப் பார்த்தீர்களா? எம்பி3 ஒலியைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, காது கவனிக்காது என்று நினைப்பதைத் தள்ளிவிடும். துண்டின் நடுவில் ஓங்கி ஓர் அடி விழுந்தால், அதனால் வரும் பிழை துண்டு முழுக்கப் பரவும். அடி விழுவதற்கு முன்னாலேயே லேசான கசகசப்பு கேட்கும். துண்டைச் சிறிதாக்கிச் சமாளிக்க அதற்கு வழி உண்டுதான், ஆனால் பிட்ரேட், அதாவது அந்த நொடிக்கணக்கு, குறைவாக இருந்தால் அதுவும் தாங்காது. தப்பு மேளம், உருமி எல்லாம் சவசவ என்று ஆகிவிடும். வேவ்தான் என் முடிவு.

மண்டோர்:
உருமிக்குச் சரி. பாட்டி குரலுக்கு என்ன கேடு? இவர்கள் கைப்பேசியில் பதிந்திருந்தால் அது பெரும்பாலும் எம்4ஏ, உள்ளே ஏஏசி. அதுவே சுருக்கியதுதான். வேவாக மாற்றினால் போனது திரும்பி வருமா?

கடைசிலயம்:
வராது. அதுவரைக்கும் மண்டோர் அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு. ஆனால் திருத்தியதை எம்பி3 ஆக்கினால் இரண்டாம் தடவை இழக்கிறோம். நாளைக்கு மின்விசிறி இரைச்சலை எடுக்கலாம் என்று திறந்து மறுபடி எம்பி3 ஆகவே சேமித்தால் மூன்றாம் தடவை. அசல் எம்4ஏவைத் தொடாமல் தனியாக வையுங்கள். திருத்தியதை ஃப்ளாக்கில் எடுங்கள். ஒரு பிட் கூட இழக்காது, வேவில் கிட்டத்தட்டப் பாதி இடம்தான் பிடிக்கும்.

உருமிக்காரன்:
ஐம்பது வருஷம் கழித்து ஃப்ளாக்கை எது திறக்கும் அக்கா? வேவ் எல்லாவற்றிலும் திறக்கும்.

கடைசிலயம்:
ஃப்ளாக் 2001இலிருந்து இருக்கிறது தம்பி. திறந்த வடிவம், 2024இல் இணையத் தர ஆவணமாகவே, ஆர்எஃப்சி 9639 என்று வந்துவிட்டது. கோப்பு பழுதானால் கண்டுபிடிக்கச் சரிபார்ப்புக் குறியும் உள்ளேயே உண்டு. எனக்கு முக்கியம் வேறு: பாடியவர் பெயர், தோட்டம், டிவிஷன், வருஷம் எல்லாவற்றையும் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கலாம். வேவில் எழுதினால் பல செயலிகள் கண்டுகொள்வதில்லை. தோட்டம் வீடமைப்புத் திட்டமாக மாறிய பிறகு 'பதிவு012' என்ற பெயரை வைத்துக்கொண்டு யாரிடம் போய்க் கேட்பது?

மண்டோர்:
ஹார்ட் டிஸ்க்குக்கு யார் காசு கொடுப்பது?

கடைசிலயம்:
ஒற்றை மைக்கில் பாடிய பாட்டிக்கு ஸ்டீரியோ எதற்கு? மோனோவில், ஒரே தடத்தில் எடுங்கள், வேவிலேயே பாதியாகிவிடும். மாதிரி வீதம் 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்தது 48ஆகவே இருக்கட்டும், 96 ஆக்கினால் கோப்புதான் வீங்கும். உருமிக்கு மட்டும் ஸ்டீரியோ, 24 பிட்.

ரப்பர்கொட்டை:
அப்போ பாதுகாத்து வைக்கும் பெட்டியில் ஃப்ளாக், குடும்பங்களுக்கு எம்பி3?

கடைசிலயம்:
ஆமாம். பேச்சுக்கும் பாட்டுக்கும் மோனோ 128 தாராளம். உருமிக்கு 256க்குக் கீழே இறங்காதீர்கள்.

மண்டோர்:
பெட்டியில் என்னத்தையோ வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு எம்பி3 போட்ட பெண்டிரைவ் ஒன்று வேண்டும், என் கார் ரேடியோ வேறு எதையும் படிக்காது.