பாட்டி ஏன் முத்தம் குடுக்காம மோந்து பாக்கறாங்க?

திண்ணைவாசி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க பொண்ணுக்கு எட்டு மாசம் ஆகுது, போன வாரம் ஊர்ல இருந்து பாட்டி வந்திருந்தாங்க, எண்பது தாண்டிருச்சு. வந்ததும் பிள்ளைய வாங்கி மடியில போட்டு உச்சந்தலையில மூக்க வச்சு அப்படியே இழுத்து மோந்தாங்க, ஒரு தடவ இல்ல, நாலஞ்சு தடவ. முத்தம் மட்டும் குடுக்கவே இல்ல. யோசிச்சுப் பாத்தா எனக்கும் அப்படித்தான், தலைய மோந்து பாப்பாங்க, கன்னத்த வழிச்சு நெட்டி முறிப்பாங்க, அவ்ளோதான். இத ஆபீஸ்ல சொன்னா ஒரு ஃப்ரெண்ட், முத்தமே நம்ம பழக்கம் இல்ல, வெள்ளைக்காரன் கொண்டு வந்ததுன்னு அடிச்சு சொல்றான். நிஜமாவா? முத்தம் எங்கதான் ஆரம்பிச்சது?

பழஞ்சுவடி:
உங்க ஃப்ரெண்ட் சொல்றது தப்புங்க. குறள் 1121 எடுத்துப் பாக்கச் சொல்லுங்க, இவ பல்லுல ஊறின நீர் பாலும் தேனும் கலந்த மாதிரி இருக்குன்னு காதலன் சொல்றான், வாயோட வாய் வைக்காம அது எப்படித் தெரியும்? பிள்ளைத்தமிழ்ல முத்தப் பருவம்னே ஒண்ணு இருக்கு, குழந்தைகிட்ட முத்தம் கேட்டுப் பாடுறது.

எங்க ஆரம்பிச்சதுங்கறதுக்கு, ரொம்ப நாளா கி.மு. 1500 வாக்குல இந்தியாவுல உண்டான நூல்கள்தான் பழைய சான்றுன்னு சொல்லிட்டு இருந்தாங்க. 2023ல சயன்ஸ் இதழ்ல டென்மார்க்கச் சேர்ந்த ஆர்போல், ராஸ்முசன்னு ரெண்டு பேர் எழுதினாங்க, மெசபடோமியா (இப்ப ஈராக் இருக்கற பகுதி) களிமண் பலகைகள்ல கி.மு. 2500லயே முத்தம் இருக்காம். காதல் முத்தம் மட்டும் இல்ல, பாசத்துல குடுக்கறது, பணிஞ்சு கால முத்தமிடறதுன்னு எல்லாமே. ஆனா எழுத்து எங்க முதல்ல வந்துச்சோ அங்கதானே சான்றும் முதல்ல கிடைக்கும், அதனால ஒரே ஊர்ல பிறந்து உலகம் பூரா பரவிச்சுன்னு சொல்றத நான் ஏத்துக்க மாட்டேன். சிம்பன்சி, போனோபோ குரங்குங்க கூட முத்தம் குடுக்குது.

அதே சமயம் எல்லா இடத்துலயும் இருக்குன்னும் சொல்ல முடியாது. 2015ல 168 சமூகங்கள எடுத்து ஒரு ஆய்வு பண்ணாங்க, காதலர்கள் உதட்டோட உதடு வைக்கிற பழக்கம் 77லதான் இருந்துச்சு, பாதிக்கும் கம்மி. அமேசான் பக்கம் வேட்டையாடி வாழ்றவங்ககிட்ட எல்லாம் இல்ல. அதுக்காக அவங்களுக்கு அன்பு கம்மின்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம் வரும்.

பினாங்குக்காத்து:
உங்க பாட்டி பண்றதும் முத்தம்தாங்க! நான் மலேசியாவுல பொறந்து வளந்தவ, மலாய்ல 'சியோம்'னு ஒரே வார்த்தைதான், முத்தம்னாலும் அதுதான், மோந்து பாக்கறதுனாலும் அதுதான். பக்கத்து வீட்டு மலாய் ஆன்ட்டி என் பையன் கன்னத்துல மூக்க அழுத்தி 'ஸ்ஸ்'னு மூச்ச இழுப்பாங்க, உதடு சத்தமே வராது. தாய்லாந்துல 'ஹோம்'னு சொல்றாங்க, அதே சொல்லுக்கு வாசனைன்னும் அர்த்தம்.

இன்னொண்ணு, எஸ்கிமோக்கள் மூக்கோட மூக்க உரசிக்கறாங்கன்னு படத்துல காட்டுவாங்களே, அது சரியில்ல. எஸ்கிமோன்னு சொல்றவங்கள்ல இனுயிட் மக்கள் 'குனிக்'னு சொல்றது, மூக்கையும் மேல் உதட்டையும் பிள்ளையோட கன்னத்துலயோ நெத்தியிலயோ வச்சு மூச்ச உள்ள இழுக்கறது. உங்க பாட்டி பண்றதேதான், பனி தேசத்துல.

பழஞ்சுவடி:
அருமைங்க. மகாபாரதத்துலயும் பெத்தவங்க பிள்ளைங்க தலைய மோந்து பாக்கற இடம் நிறைய வரும், 1907லயே ஹாப்கின்ஸ்ங்கற அமெரிக்க அறிஞர் இத வச்சு தனிக் கட்டுரையே எழுதியிருக்கார். நம்ம 'உச்சி முகர்தல்'னு சொல்றதும் இதேதான்.

பனங்காடு:
எங்கட யாழ்ப்பாணத்தில முத்தம் குடுக்கிறதை 'கொஞ்சிறது' எண்டுதான் சொல்லுவம். அம்மம்மாவைக் கொஞ்சிப்போட்டு வா எண்டு சொன்னா கன்னத்தில முத்தம் குடுத்துட்டு வா எண்டு அர்த்தம். முதல்முதல் சென்னைக்கு வந்த நேரம் ஒரு அக்காட்ட 'பிள்ளையக் கொஞ்சட்டோ' எண்டு கேட்டன், அவ தூக்கி விளையாடத்தான் கேக்கிறன் எண்டு நினைச்சு பிள்ளையக் கையில தந்துட்டா.

திண்ணைவாசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து போன்ல பாட்டிகிட்டயே கேட்டுட்டேன், ஏன் பாட்டி மோந்து பாக்கறீங்கன்னு. "உங்கப்பனும் பொறந்தப்ப இதே வாசனதான்டா"ன்னாங்க. அடுத்த மாசம் பிள்ளைய தூக்கிட்டு ஊருக்குப் போறோம்.