ஒன்லைன் கசினோ புள்ளிகள்: உண்மையான பெறுமதி என்ன?

வெள்ளவத்தை வாசகர்:
1,000 ரூபா பந்தயத்துக்கு 1 புள்ளி, 100 புள்ளிக்கு 100 ரூபா எண்டு ஒரு தளத்தில போட்டிருக்கு. புள்ளி கூடக்கூட ஏறுற வெள்ளி, தங்கம் எண்டு படிகளும் இருக்கு. லாபம் வருமா?

கணக்குப்பிள்ளை:
100 புள்ளி சேர ஒரு லட்சத்துக்குப் பந்தயம் கட்டவேணும். ஸ்லொட் (சுழல் மெஷின் விளையாட்டு) கட்டுற காசில 96% திருப்பித் தருமெண்டால், அதில சராசரியா 4,000 ரூபா போகும். கைக்கு வாறது 100. வெறும் 0.1% தான்.

கொட்டாஞ்சேனை வாசகர்:
அந்த 100 காசாத் தருகினமா, போனஸாவா எண்டு முதல்ல நிபந்தனையில பாருங்கோ. 5,000 ரூபா போனஸுக்கு 30 மடங்கு பந்தயம் கட்டவேணும் எண்டால் 1,50,000 ரூபாவுக்கு விளையாடினால்தான் எடுக்கலாம். அதே 4% படி 6,000 இழப்பு, போனஸை விடக் கூட! ரூலெட்டில கட்டுறதில 10% மட்டும் அந்த 30 மடங்குக் கணக்கில சேர்க்கிற தளங்களும் இருக்கு.

கணக்குப்பிள்ளை:
ஓம், அதோட படிகள்தான் பெரிய பொறி. மாத முடிவில தங்கப் படிக்கு 20 புள்ளி குறையுது எண்டு மெசேஜ் வரும். அதுக்காக 20,000 கட்டினால் சராசரி இழப்பு 800, புள்ளியால வாறது 20 ரூபா. தயவுசெய்து புள்ளிக்காக ஒரு பந்தயமும் கூடக் கட்டாதேங்கோ.